பீட்டா இரண்டில் நான் அழித்த ஏழு வரிகள்

1. மாடிப்படி ஏறிய கதை

திங்கட்கிழமை வரை நான் புஷ் என்கிற உலோக வளையங்களை அளந்துகொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை காலை செக்யூரிட்டி சாஃப்ட்வேருக்கு ரிலீஸ் இன்சார்ஜ் ஆகிவிட்டேன். நடுவில் எந்தப் படிப்பும் படிக்கவில்லை, மாடிப்படி மட்டும்தான் ஏறினேன்.

மறைமலைநகரில் வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனி எங்களுடையது. குவாலிட்டி செக்‌ஷனில் ஒன்பது வருஷம் இருந்தேன். இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்கள். ஊரெல்லாம் சாஃப்ட்வேர் ஆரம்பிக்கும்போது நாம் மட்டும் சும்மா இருப்பதா என்று எங்கள் எம்.டி.க்கு ரோஷம் வந்துவிட்டது. மாடியில் இரண்டு ஏ.சி. மாட்டினார். முரளி என்ற இன்ஜினீயரைக் கூட்டிவந்தார். முரளி ஏற்கெனவே ஒரு ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர் எழுதி இன்டர்நெட்டில் வைத்திருந்தான். கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரைப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டுகிற சாஃப்ட்வேர். உள்ளே எழுதியிருப்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தலாம்.

"அப்போ டெஸ்ட் பண்றதுக்கும் உலகம் பூரா ஆளு சும்மா கிடைக்குமா?" என்று எம்.டி. கேட்டார்.

"கிடைக்கும் சார்" என்றான் முரளி. ஓப்பன் சோர்ஸின் தத்துவம் அவருக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது.

என்னை ஏன் மேலே ஏற்றினார் என்றால், "வசந்தி, கீழ இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் எழுதுற. மேல ரிலீஸ் நோட்ஸ் எழுது. ரெண்டும் ஒண்ணுதான்." நானும் தலையாட்டிவிட்டேன். தலையாட்டுவதில் எனக்கு நல்ல சர்வீஸ் உண்டு.

2. சாம்பிள் லாட்

முரளி பொறுமையாகத் திட்டம் போட்டுக் காட்டினான். முதலில் ஆல்ஃபா. அரைவேக்காடு, துணிந்தவர்கள் மட்டும் தொட வேண்டியது. அப்புறம் பீட்டா. எல்லாம் இருக்கும், குறையும் இருக்கும். வெளியாட்கள் பயன்படுத்திக் குறையைச் சொல்வார்கள், நாம் திருத்துவோம். கடைசியில் ரிலீஸ் கேண்டிடேட். அதில் ஒன்றும் கிளம்பாவிட்டால் அதுவே ரிலீஸ். ஒவ்வொன்றுக்கும் நடுவில் நாலு வாரம்.

எம்.டி. பார்த்தார். "பீட்டாங்கிறது நம்ம சாம்பிள் லாட் மாதிரி."

எங்கள் தொழிலில் ஆர்டருக்கு முன்னால் சாம்பிள் அனுப்ப வேண்டும். எப்படி அனுப்புவோம் தெரியுமா? ஆயிரம் பீஸ் ஓட்டி, அதில் லட்சணமான ஐம்பதைப் பொறுக்கி, துடைத்து, எண்ணெய் பூசி, பெட்டியில் அடுக்கி அனுப்புவோம். மிச்சம் தொள்ளாயிரத்து ஐம்பது கஸ்டமர் கண்ணில் படாது. இந்தக் கையாலேயே பொறுக்கியிருக்கிறேன். அப்படிப்பட்ட மனுஷருக்கு பீட்டாவில் பக், அதாவது குறை, என்றால் ரிஜெக்‌ஷன், மானம் போன விஷயம்.

ஆகவே பக் கண்டுபிடித்துச் சொன்ன புண்ணியவான்களுக்கெல்லாம் எங்கள் ஃபேக்டரி ஃபாரத்தை அனுப்பினோம். லாட் நம்பர், ஆபரேட்டர் பெயர், எந்த ஷிஃப்ட். ஜெர்மனியிலிருந்து ஒருவர் ஷிஃப்ட் என்ற இடத்தில் "காலை டிஃபனுக்கு அப்புறம்" என்று நிரப்பி அனுப்பினார். எம்.டி. அதை ஃபைல் பண்ணச் சொன்னார்.

எங்களுக்குக் கிடைத்ததிலேயே நல்ல டெஸ்டர் உள்ளூர்க்காரர். பெயர் ஏழுமலை. மாமல்லபுரத்தில் ஒரு சிற்பப் பட்டறையில் தூணுக்கும் சிலைக்கும் கம்ப்யூட்டரில் படம் போடுபவர். பக்கத்துப் பட்டறைக்காரர்கள் டிசைனைச் சுட்டுவிடுகிறார்கள் என்று பூட்டு தேடி எங்களிடம் வந்து சேர்ந்தவர். ஆளைப் பார்த்ததில்லை, மெயில்தான். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிப்பார். "மேடம், பூட்டு நல்லா கீது. ஆனா சாவி போட்டா தொறக்க மாட்டேங்குது. இன்னான்னு பாருங்க" என்று வரும். கூடவே என்ன செய்தார், எந்த பட்டனை அமுக்கினார் என்பதெல்லாம் வரிசையாக இருக்கும். முரளி அவர் மெயிலைத்தான் முதலில் திறப்பான்.

3. சிவப்புப் பேனா

பீட்டா இரண்டுக்கு முன்னால் ஒரு பெரிய பக்கை நானே கண்டுபிடித்தேன். பெருமையாகத்தான் இருந்தது. டிஸ்க்கில் இடம் தீர்ந்துபோனால் சாஃப்ட்வேர் பாதி ஃபைலைப் பூட்டிவிட்டு, வேலை முடிந்தது என்று நினைத்து ஒரிஜினலை அழித்துவிடும்.

"அக்கா, இதச் சரி பண்ண ரெண்டு வாரம் வேணும்" என்றான் முரளி.

எம்.டி. வெள்ளிக்கிழமை வெளியீடு என்று நாலு பேரிடம் சொல்லிவிட்டார். சரி, இருக்கவே இருக்கிறது வழி. பீட்டாவோடு 'தெரிந்த குறைகள்' என்று ஒரு பட்டியல் போடுவார்கள், அதுதான் அந்தத் தொழிலின் வழக்கம். ஏழு வரி எழுதினேன். முதல் வரி, "டிஸ்க்கில் இடம் குறைவாக இருந்தால் பயன்படுத்தாதீர்கள், ஃபைல் போய்விடும்." காலையிலேயே சர்வரில் ஏற்றிவிட்டேன்.

மத்தியானம் எம்.டி. கூப்பிட்டார். பிரின்ட் எடுத்து சிவப்புப் பேனாவால் ஏழு வரியையும் அடித்து வைத்திருந்தார்.

"என்னம்மா இது? சாம்பிள் பெட்டிக்குள்ள ரிஜெக்‌ஷன் லிஸ்ட்டையும் வெச்சு அனுப்புவியா?"

"சார், யாராவது ஃபைலை இழந்துட்டா..."

"டிஸ்க்க ரொப்பி வெச்சுக்கிட்டு யாரும்மா உக்காந்திருக்கப் போறான்?"

இன்னும் ஒரு தடவை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வந்து ஏழு வரியையும் நீக்கினேன். நீக்கும்போது சர்வர் காரணம் ஒரு வரி கேட்கும். 'க்ளீனப்' என்று அடித்தேன். முரளி என்னைப் பார்த்துவிட்டுத் தன் கீபோர்டுக்குத் திரும்பினான். பீட்டா இரண்டு வெள்ளிக்கிழமை ஜம்மென்று வெளியானது.

4. பஸ்ஸில் வந்த சி.பி.யு.

பதினோரு நாள் கழித்து ஒருவர் மாடியேறி வந்தார். கையில் பெட்ஷீட்டில் சுற்றிய சி.பி.யு. மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டுக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ், அதை மடியில் வைத்தே வந்திருக்கிறார்.

"வசந்தி மேடம் யாரு? நான் ஏழுமலை."

ஒரு கோயில் மண்டபத்துக்குப் பன்னிரண்டு தூண். எட்டு மாசமாகப் போட்ட படங்கள். கல் வந்து இறங்கிவிட்டது, திங்கட்கிழமை சிற்பிகள் உளி எடுக்க வேண்டும். படங்களை ஸ்கேன் பண்ணிப் பண்ணி டிஸ்க் நிரம்பியிருக்கிறது. அந்த ஃபோல்டரைப் பூட்டினார். திறந்தால் பாதிதான் இருக்கிறது, ஒரிஜினல் இல்லை.

"மொதலாளிக்கு இன்னும் தெரியாது மேடம். தெரிஞ்சா எனக்கு அங்க வேல இல்ல. இருவது வருசமா அந்தப் பட்டறதான் என் வூடு."



"அதுக்கப்புறம் மெஷின ஆன் பண்ணீங்களா?" என்று முரளி கேட்டான்.

"தொடவே இல்ல. அப்டியே ஆஃப் பண்ணி எடுத்துகினு வந்துட்டேன்."

முரளி கையெடுத்துக் கும்பிடாத குறை. அழித்த ஃபைல் டிஸ்க்கில் அப்படியே கிடக்கும், மேலே வேறு எதுவும் எழுதாத வரைக்கும். காலையிலிருந்து சாயங்காலம் ஐந்து மணி வரை நோண்டினான். ஒன்பது தூண் வந்தது. மூன்று வரவே இல்லை.

அதற்குள் விஷயம் தெரிந்து எம்.டி. வந்துவிட்டார். முகத்தில் அப்படி ஒரு அனுதாபம். "இப்படி ஒரு ப்ராப்ளம் இருக்குன்னு எங்களுக்கே இன்னிக்குத்தான் சார் தெரியுது. இல்லம்மா வசந்தி?"

ஏழுமலை என் பக்கம் திரும்பினார். "அப்டியா மேடம்? முன்னாடி தெரியாதா?"

"தெரியாது சார்" என்றேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார். முந்தின நாள் பிரவுசிங் சென்டரில் பிரின்ட் எடுத்தது. ஓப்பன் சோர்ஸில் சாஃப்ட்வேர் மட்டும் திறந்திருக்காது. யார், எப்போது, எதைச் சேர்த்தார்கள், எதை எடுத்தார்கள் என்பதும் எல்லார் பார்வைக்கும் திறந்தே இருக்கும். கீழே ஃபேக்டரியில் ரிப்போர்ட்டைக் கிழித்தால் போயிற்று. மேலே கிழித்ததையும் எழுதி வைத்துவிடுவார்கள். தாளில் இருந்தது இதுதான்: காலை 11.10, வசந்தி, ஏழு வரி சேர்த்தார். மாலை 4.30, வசந்தி, ஏழு வரி நீக்கினார், காரணம் க்ளீனப்.

"மொத வரியே என் கேசுதான் மேடம்" என்றார் ஏழுமலை. சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. "இத படிச்சிருந்தா அன்னிக்கி பூட்டியே இருக்க மாட்டேன். பக்கு இருக்கறது தப்பில்ல. நான் அதுக்குத்தான வந்தேன்."

பெட்ஷீட்டைச் சுற்றினார். "காபி சாப்ட்டுப் போங்க" என்றார் எம்.டி. அதற்குள் ஏழுமலை படியிறங்கிவிட்டார். நான் எழுந்துகூட நிற்கவில்லை.

5. பூஜ்யம்

ஏழுமலைக்கு வேலை போகவில்லை. முதலாளியிடம் தானே போய்ச் சொல்லி, மூன்று தூணையும் மறுபடி வரைந்து கொடுத்தார் என்று முரளி விசாரித்துச் சொன்னான். நான் மன்னிப்புக் கேட்டு மூன்று மெயில் போட்டேன். பதில் இல்லை. டெஸ்டர்கள் எல்லாருக்கும் போகும் எங்கள் மெயிலிங் லிஸ்ட்டில் மட்டும், நான் வரிகளை அழித்தது பதிவாகியிருந்த அந்தப் பக்கத்தின் முகவரியை, ஒரு வார்த்தை சேர்க்காமல் போட்டிருந்தார். அதற்கப்புறம் ஜெர்மனிக்காரர் எழுதவில்லை. மற்றவர்களும் ஒவ்வொருவராக ஓய்ந்தார்கள்.

டிஸ்க் பக்கை முரளி கச்சிதமாகச் சரிசெய்தான். ரிலீஸ் கேண்டிடேட் போட்டோம். ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாசம். ஒரு புகார் வரவில்லை. எம்.டி. மாடிச்சுவரில் 'ஜீரோ கம்ப்ளெயின்ட்' என்று போர்டு மாட்டி, எல்லாருக்கும் லட்டு கொடுத்தார்.

இப்போது வேலைக்குச் சேரும் பிள்ளைகள், எத்தனை பீட்டா விட வேண்டும் மேடம் என்று கேட்கிறார்கள். எத்தனை வேண்டுமானாலும் விடுங்கள். உங்களுக்குத் தெரிந்த குறையை முதல் பக்கத்தில், உங்கள் பெயரைப் போட்டு எழுதிவிட்டு விடுங்கள். புகார் ஒன்றும் வரவில்லை என்றால் குஷியாகிவிடாதீர்கள், சொல்வதற்கு ஆள் யாராவது மிச்சம் இருக்கிறார்களா என்று பாருங்கள். எங்களுக்கு அன்று ஒருத்தரும் மிச்சமில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த லட்டை வாங்கித் தின்றேன்.