கடையில் மட்டும் ஓடிய பிளேயர்கள்

மலிவுச் சாமானை விற்பது சுலபம். வாங்கியவர் அதைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு திரும்பி வரும்போது கவுண்டரில் நிற்பதுதான் கஷ்டம். நின்றவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மாத்தளை டவுனில் ஒரு கடையில் ஆறு வருஷம் டிவிடி பிளேயர் விற்றேன். புது மாடல் வந்தால் போட்டுப் பார்த்து, நல்லதா இல்லையா என்று முதலாளியிடம் சொல்வதும் என் வேலை. பத்து நிமிஷம் படம் ஓடினால் நல்லது என்பேன். அவ்வளவுதான் என் பரிசோதனை.

லயத்துக் கரண்ட்

ரிவர்ஸ்டன் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் செல்வராஜ் அண்ணன் இருப்பதிலேயே மலிவான பிளேயரை வாங்கிப் போனார். அடுத்த ஞாயிறே பஸ் ஏறிக் கொண்டுவந்தார். டிஸ்க் சுற்றிச் சுற்றி நின்றுவிடுகிறதாம். கடையில் போட்டோம், அருமையாக ஓடியது. "நல்லாத்தானே இருக்கு, அண்ணே" என்று திருப்பிக் கொடுத்தேன். மறு ஞாயிறும் அதே கதை.

மூன்றாம் தடவைதான் அவர்கள் குடியிருக்கும் லயத்தில் கரண்ட் எப்படி என்று கேட்டேன். பொழுது சாய்ந்தால் பல்பே மங்கிப்போகும் என்றார். அந்தக் கரண்டுக்கு இந்த மாடல் சரிவராது. விற்ற அன்றே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. முதலாளியிடம் பேசி வேறு மாடல் மாற்றிக் கொடுத்தேன். அண்ணன் கோபப்படவேயில்லை.

"ஒங்க கடையில ஓடுது, எங்க லயத்துல ஓடல. எங்க கையிலதான் ஏதோ பழுதுன்னு நெனச்சேன், தங்கச்சி."

கல்யாண டிஸ்க்

பரீனா தாத்தா என்னைவிடப் பத்து வயது மூத்தவர்; எங்கள் ஊர் முஸ்லிம்கள் அக்காவைத் தாத்தா என்பார்கள். தன் கல்யாண டிஸ்க்கோடு வந்தார். "இது ஓடினா எடுக்குறேன்" என்றார். வேறு பிரதி கிடையாது. "எந்த டிஸ்க்கும் ஓடும், தாத்தா" என்று நானே தட்டில் வைத்தேன்.

திரையில் அவருடைய வாப்பா வந்து யாரிடமோ சிரித்துப் பேசினார். போன வருஷம் மௌத்தாகி, அடக்கமும் ஆகிவிட்டதாம். தாத்தா டீவிக்குப் பக்கத்தில் போய் நின்றார். அப்போது படம் உறைந்து, பிளேயர் கரகரத்தது. தட்டு திறக்கவில்லை. பதற்றத்தில் நகத்தால் இழுத்தேன். வளையம் போட்டதுபோல் கீறலோடு டிஸ்க் வெளியே வந்தது. கடையிலிருந்த அத்தனை பிளேயரிலும் போட்டுப் பார்த்தோம். எல்லாம் ஒரே இடத்தில் நின்று, தாண்டித்தான் ஓடின. தாத்தா டிஸ்க்கைக் கைக்குட்டையில் சுற்றினார்.

"வாப்பா பேசுற எடம் மட்டுந்தான் போச்சு. மத்ததெல்லாம் நல்லாத்தான் ஈக்குது."

எங்கள் வீட்டுக்கும் ஒன்று

நான் சும்மா சொல்லி விற்கவில்லை. நம்பித்தான் எங்கள் வீட்டுக்கும் ஒன்று வாங்கினேன். என் கணவர் தம்புள்ளைக்கு மரக்கறி லொறி ஓட்டுபவர். வாரத்தில் ஒரு நாள்தான் வீட்டில் இருப்பார். நாலாவது மாதம், பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு படம் பார்க்க உட்கார்ந்தார். பாதியில் நின்றது. துடைத்தார், தட்டினார். பிள்ளைகள் எழுந்து விளையாடப் போய்விட்டார்கள். அவர் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இதையா ஊருக்கெல்லாம் நல்லதுன்னு சொல்லிக் குடுத்த?"

இப்போது அதே கவுண்டரில் போன் விற்கிறேன். நல்லதா என்று கேட்பவர்களிடம் தெரியாது என்று உண்மையைச் சொன்னால், அதை மட்டும் யாரும் நம்புவதில்லை.