கேமராவில் ஃபிலிம் இல்லை என்று சொன்னேன்

மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு வெயில் காலத்தில், சென்னை விமான நிலையத்தின் பாதுகாப்புச் சோதனை வரிசையில் நடந்தது இது. எனக்கு வீடு மந்தைவெளியில். ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய ஃபிலிம் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றுவேன். இந்தக் காலத்தில் ஃபிலிமா என்று யாராவது கேட்டால் அரை மணி நேரம் விளக்குகிற வியாதியும் உண்டு.

அப்படிச் சுற்றும்போது சைதாப்பேட்டை ஆற்றோரத்தில் இட்லிக் கடை போட்டிருந்த அக்கா பழக்கமானார். அங்கிருந்த வீடுகளையெல்லாம் இடித்துவிட்டு, குடும்பங்களை ஊருக்கு வெளியே அனுப்பப் போகிறார்கள் என்று ஆகிவிட்டது. காலி செய்வதற்கு இரண்டு நாள் முன்னால், "வூடு தெரியற மாரி எங்க எல்லாரையும் ஒரு போட்டோ புட்ச்சிக் குடு சார், மாட்டி வச்சிக்கறோம்" என்றார். மாமியார், வீட்டுக்காரர், இரண்டு பெண்கள் என்று எல்லோரும் தலைவாரி வாசலில் நின்றார்கள். போனிலும் ஒன்று எடுக்கலாமே என்றாள் பெரியவள். "ஃபிலிம் மாதிரி வருமா? அதெல்லாம் வேண்டாம்" என்று சொன்ன மகானுபாவன் நான்தான்.

அடுத்த வாரம் ஆபீஸ் வேலையாக மும்பை போக வேண்டியிருந்தது. அங்கே ஒரு லேப்பில் கழுவக் கொடுக்கலாம் என்று எடுத்து முடித்த ரோல்களை உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துப் போனேன். ஸ்கேன் மெஷினுக்குள் விட்டால் ஃபிலிம் கெட்டுப்போகலாம், கையால் சோதியுங்கள் என்று கேட்டேன். அங்கிருந்த காவலர் வடக்கத்திக்காரர், பொறுமைசாலி. பின்னால் கூட்டம் முணுமுணுக்க, ஒவ்வொரு ரோலாக ஒரு சின்னத் துணியால் துடைத்து, வெடிமருந்து ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு கேமராவைக் காட்டி, உள்ளே ஃபிலிம் இருக்கிறதா என்று இந்தியில் கேட்டார். இல்லை என்றேன். நிச்சயமாகவா என்று மறுபடி கேட்டார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என்னிடமே கேட்கிறாயா என்கிற தோரணையில் பின்மூடியைப் படக்கென்று திறந்து காட்டினேன். உள்ளே ஃபிலிம் இருந்தது. நாலைந்து படம் பாக்கியிருக்கிறதே என்று கழற்றாமல் விட்ட ரோல். உடனே மூடினேன், ஆனால் வெளிச்சம் பட்டது பட்டதுதான். காவலர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

கழுவி வந்தபோது, முதலில் எடுத்தவை உள்சுற்றில் இருந்ததால் தப்பித்திருந்தன. இளநீர் வண்டி, மாடு, மின்கம்பம் எல்லாம் பளிச். கடைசியாக எடுத்த குடும்பப் படம் மட்டும் வெறும் வெள்ளை. அதற்குள் அந்த வீட்டையும் இடித்துவிட்டார்கள்.

இரண்டு பஸ் மாறி அவர்களுடைய புதுக் குடியிருப்புக்குப் போனேன். அக்கா டீ போட்டுக் கொடுத்தார். படம் எங்கே என்று சின்னவள் கேட்டதும், "ஏர்போர்ட்ல மெஷினுக்குள்ள விட்டுட்டாங்க, கெட்டுப்போச்சு" என்று வாயில் வந்துவிட்டது. நான் யோசித்துச் சொன்ன பொய்கூட இல்லை.

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "எவன் சார் அவன்? அவன் கை வெளங்குமா? அவன் வூட்ட இட்ச்சாத்தான் அவனுக்குத் தெரியும்!" என்று ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்ட மனிதருக்கு விழுகிற சாபம் அது. இரண்டு நிமிடம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்கு மேல் முடியவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னேன். அந்தக் காவலர் இரண்டு முறை கேட்டதையும் சொன்னேன்.

என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அக்கா சட்டென்று எழுந்து, சுவரில் இருந்த சாமி படத்துக்கு முன்னால் நின்றார். "அய்யோ, யாரு பெத்த புள்ளையோ, ஒண்ணுமே செய்யாதவன வாய்க்கு வந்தபடி பேசிட்டனே, அவன் நல்லா இருக்கணும்" என்று இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார்.

இன்றைக்கும் ஆபீசில் ஏதாவது சொதப்பினால், சிஸ்டம் கோளாறு என்று எழுதத்தான் கை முதலில் போகிறது. என் பொய்க்காக, வீட்டையும் படத்தையும் இழந்த ஒருவர் தன் கன்னத்தில் போட்டுக்கொண்டது ஞாபகம் வரும், எழுதியதை அடித்துவிட்டு என் பெயரை எழுதுவேன்.