இடது காது பாக்கி

"ஆடாதீங்கய்யா, மூக்கு ஓடிப்போகுது!"

டயாலிசிஸ் வார்டில் எப்போதும் இதே புலம்பல்தான். கையில் ஊசியோடு நாலு மணி நேரம் கிடக்கிறவர்கள் எங்கே ஆடப் போகிறார்கள்? ஆனாலும் பென்சில் அண்ணன் சொல்வார். வாரத்தில் மூன்று நாள் வந்து நோயாளிகளைப் படம் போடுவார். சம்பளம் கிடையாது. சட்டைப்பையில் ரப்பரை வைத்துக்கொண்டு வார்டு முழுக்கத் தேடுவார்.

என் வீட்டுக்காரர் இரண்டாவது மாதமே "போதும், இனிமே வரமாட்டேன்" என்று முரண்டு பிடித்தார். டாக்டர் சொல்லியாயிற்று, நான் கத்தியாயிற்று. மனுஷர் மசியவில்லை. அன்றைக்குத்தான் அண்ணன் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டார். நெற்றி, கண்ணாடி, வாய் எல்லாம் போட்டுவிட்டு நோட்டை மூடினார்.

"இடது காது பாக்கி சார். வியாழக்கிழமை போட்டுடலாம்."

"ஒரு காது போட எவ்வளவு நேரம்யா ஆகும்?"

"உங்க காது கொஞ்சம் பெருசு சார்."

திட்டிக்கொண்டே வியாழக்கிழமை கிளம்பினார். அன்றைக்கு, "இளைச்சுட்டீங்க சார்" என்று அண்ணன் கன்னத்தை அழித்து மறுபடி போட்டார். காது அடுத்த முறைக்குப் போனது. இப்படியே பதினான்கு மாதம் ஓடியது.

என் வீட்டுக்காரர் போன பிறகு அண்ணன் அந்தப் படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார். "காதைப் போட்டுத் தரட்டுமா தங்கச்சி?"

"வேண்டாம்ண்ணே. நான் சொன்னதை ஒருநாளும் கேக்காத காதுதானே."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

இப்போது அண்ணனுக்கே கிட்னி போய்விட்டது. அதே வார்டு. கை நடுங்குகிறது, பென்சில் நிற்பதில்லை. போன வாரம் இரண்டு நாள் வரவே இல்லை என்று நர்ஸ் போன் செய்தாள். மூன்றாம் நாள் அவர் வீட்டுக்கே போனேன். சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தார்.

"எதுக்குத் தங்கச்சி இழுத்துக்கிட்டுக் கிடக்கணும்?"

எனக்கு வரையத் தெரியாது. மளிகைச் சீட்டின் பின்பக்கம் அவரைப் போட்டேன். உருளைக்கிழங்குக்கு மீசை வைத்த மாதிரி வந்தது.

"இதுவா நானு?"

"காது பாக்கி. செவ்வாய்க்கிழமை வாங்க, போடறேன்."

சுவரை விட்டு என் பக்கம் திரும்பி, ஆடாமல் படுத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை வந்தார். ஆனால் வியாழனும் சனியும் என்னால் போக முடியாது. வீட்டில் மாமியார் படுக்கையில் இருக்கிறார். நீங்கள் போங்கள். பெரிய ஆஸ்பத்திரி, மூன்றாவது மாடி, ஜன்னலோரக் கட்டில். வரையத் தெரியாவிட்டால் பரவாயில்லை. தெரிந்தாலும், ஒரு காதை மட்டும் பாக்கி வையுங்கள்.