பதினாறு குகைகளும் ஒரு ஜோடி செருப்பும்

ஊட்டி மலை ரயிலுக்கு இருநூற்றைம்பது பாலம், பதினாறு குகை. அத்தனையும் கல்லாலும் இரும்பாலும் நிற்பதாக நினைத்தால் நீங்கள் ஏமாளி. திருவண்ணாமலை ஸ்டேஷன் தெரு அப்பாசாமியின் உள்ளங்காலை நம்பித்தான் அவை நின்றன. எழுபத்து நாலில் அவர் மாற்றல் வாங்கிக்கொண்டு சொந்த ஊருக்கு இறங்கியபோது அந்த மலையே ரெண்டு அங்குலம் சரிந்துவிட்டதாம். அளந்தது யார் என்று கேட்காதீர்கள். அளந்ததும் அவர்தான், ஸ்டேஷன் வாசல் டீக்கடையில் அதைச் சொன்னதும் அவர்தான்.

ரயில்வேயில் அவர் கீமேன். தண்டவாளத்தைக் கட்டையோடு பிடித்துவைக்கும் இரும்பு ஆப்புக்குக் கீ என்று பேர். வண்டி போகப் போக அது அதிர்ந்து கழன்றுகொண்டே வரும். தோளில் சுத்தியலோடு தினமும் நாலு மைல் நடந்து, ஆடுகிற கீயைத் தட்டி இறுக்குவதுதான் வேலை.

எங்கள் ஊர்க்காரனுக்கு மலை என்றால் சாமி. சுற்றிவரத்தான் தெரியும், உள்ளே புகுந்து பழக்கமில்லை. ஊட்டி லைனில் முதல் நாள், முதல் குகை வாசலில் அப்பாசாமி செருப்பைக் கழற்றி வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். அந்தப் பக்கம் வெளியே வந்த பிறகுதான் செருப்பு இந்தப் பக்கம் கிடப்பது உறைத்தது. எடுக்கத் திரும்பி வந்தார். எடுத்தால் அதோடு மறுபடி உள்ளே போக வேண்டும். கையில் எடுத்துக்கொண்டு வாயேன் என்று குன்னூர் ஆட்கள் சொல்லியிருக்கிறார்கள். கருவறைக்குள்ளே செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நீ போவியா என்று இவர் கேட்டாராம். பாதி நாள் அந்த வாசலிலேயே போயிற்று. கடைசியில் செருப்பையே தலைமுழுகினார். பதினோரு வருஷம் வெறுங்கால்.

நம் மலையிலும் ஒரு குகை குடைந்து ரயில் விட்டால் ஒன்பது மைல் கிரிவலம் அஞ்சு நிமிஷத்தில் முடியுமே என்று நான் ஒருநாள் யோசனை சொன்னேன். டீ கிளாஸ் ஒன்று என் காதை உரசிக்கொண்டு போயிற்று.

ஊரில் அவர் பங்குக்கு வாய்த்தது ஆடுகள் படுத்து அசைபோடும் ஒரே ஒரு சின்னப் பாலம். அதையும் வெறுங்காலோடுதான் பார்த்துக்கொண்டிருந்தார். போன தீபாவளிக்கு அவர் சம்சாரம் கன்னியம்மாள், ரயில்வேக்காரர் பெண்டாட்டி என்று வெளியே சொல்லவே கூச்சமாக இருக்கிறதென்று ஒரு ஜோடி டயர் செருப்பு வாங்கி மாட்டிவிட்டாள்.

மார்கழியில் லைனைச் சோதிக்கிற ரயில்வே இன்ஸ்பெக்டர் டிராலியில் வந்தார். நாலு பேர் ஓடி ஓடித் தள்ள, குடை நிழலில் உட்கார்ந்தபடி தண்டவாளம் நடக்கிற மனுஷர். அப்பாசாமி அப்போதுதான் நடந்து முடித்த பாதையில் ஆடுகிற கீ அஞ்சு அகப்பட்டது. கீமேனுக்குக் கண் போய்விட்டது என்று எழுதிக்கொண்டார். பொங்கல் கழிந்து மறுபடி வருவேன், அன்றைக்கு ஒன்று ஆடினாலும் லைனை விட்டு எடுத்து ஸ்டேஷன் தண்ணீர்ப் பானைக்குக் காவல் போட்டுவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றோடு டீக்கடையில் குகைப் பேச்சு நின்றுபோயிற்று. மலை எத்தனை அங்குலம் மாமா சரிஞ்சுது என்று வேண்டுமென்றே சீண்டினேன்.

"தெரியலப்பா," என்றார்.

அந்தப் பதில் எனக்குக் கட்டுப்படியாகவில்லை. பொய் சொல்லாத அப்பாசாமியை வைத்துக்கொண்டு நான் யாரைக் கிண்டல் பண்ணுவது?

ஆகவே, முழுக்க முழுக்க என் சுயநலத்துக்காக, பொங்கலுக்கு வெள்ளையடித்து மிஞ்சிய சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டேன். இன்ஸ்பெக்டர் வரும் முந்தின மத்தியானம், ரெண்டு வண்டிக்கு நடுவில், பாலம்வரை நடந்து கல்லால் தட்டிப் பார்த்து, ஆடின கீக்கெல்லாம் பூசினேன். மங்கின கண்ணுக்கும் சுண்ணாம்பு தெரியுமே. மொத்தம் நாற்பத்தொரு கீ. வாளியை எருமை கவிழ்த்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்தார், பிரம்பால் தட்டினார். ஒரு கீகூட ஆடவில்லை. போன தடவை எழுதினதை அடித்துவிட்டுக் குடைக்குள் ஏறிக்கொண்டார்.

அன்று சாயந்திரம் டீக்கடையில் ஊட்டி மலை நாலு அங்குலம் சரிந்திருந்தது. பேசி முடித்து, கூட்டம் கலைந்ததும் அப்பாசாமி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். காலில் செருப்பு இல்லை.

"கண்ணு தெளிஞ்சிடுச்சா மாமா?" என்றேன்.

"கண்ணு எனக்கு எப்பவுமே கம்மிதான். குகை இருட்டுல எவன் கண்ணால பாத்தான்? காலை வச்சா ஆடுற கீ தானா சொல்லிடும். செருப்பு மாட்டின நாள்லேர்ந்து ஒண்ணும் சொல்லல. அது புரிய எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு. இன்னிக்குக் காலைல கழட்டிப் போட்டுட்டு நடந்தேன்."

செருப்பு கோயில் வாசலில் திருட்டுப் போய்விட்டதாகக் கன்னியம்மாளிடம் சொல்லியாயிற்றாம். எங்கள் ஊரில் யாருமே சந்தேகப்படாத பொய் அது ஒன்றுதான்.

அப்படியானால் என் சுண்ணாம்பு? கேட்க முடியாமல் டீயை உறிஞ்சினேன்.

"எவனோ கீ மேல சுண்ணாம்பு அடிச்சு வச்சிருக்கான்," என்றார் அவர், டீயை ஆற்றிக்கொண்டே. "நாப்பத்தொண்ணு. அதுல பத்து நல்லா இறுகித்தான் இருந்துது. நெஜமா ஆடினதுல ஏழு விட்டுட்டான். பாலத்துக்கு அந்தாண்ட ஒண்ணுகூட இல்ல. காலு வலிச்சிருக்கும், பாவம்."

"வேலையத்த பய எவனாவது இருப்பான் மாமா."

அவர் வலது காலைத் தூக்கி பெஞ்சில் எனக்கு எதிரே வைத்து, உள்ளங்காலைத் திருப்பினார். காலைப் பனியில் ஊறின சுண்ணாம்பு விரல் இடுக்கெல்லாம் அப்பியிருந்தது. சாயந்திரம்வரை கழுவாமல் காப்பாற்றிக் கொண்டுவந்திருந்தார். அது வெள்ளையாக இல்லை. ஆகாய நீலமாக இருந்தது.

"ஊருல மத்த எல்லார் வீட்டுச் செவுரும் வெள்ளையா இருக்குது," என்றார். "சுண்ணாம்புல இவ்ளோ ஜாஸ்தி நீலம் எந்த வீட்டம்மா போடுவாங்கனு நீயே சொல்லு அர்ஜுனா."