பஸ் ஜன்னலில் போன கை

எனக்கு இடது கை முழங்கைக்குக் கீழே கிடையாது. எப்படிப் போனது என்று கேட்பவர்களுக்கு எங்கள் வீட்டில் ஒரே பதில்தான்: பஸ்ஸில் போகும்போது கையை வெளியே நீட்டினேன், எதிரே வந்த லாரி அடித்துவிட்டது.

உண்மை வேறு. எனக்கு அப்போது பதினோரு வயது. தீபாவளி சீசன். திருத்தங்கலில் எங்கள் தெருவில் பல வீடுகளில் சரவெடி பின்னுவார்கள். வீட்டில் வைத்துப் பின்னக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். அன்று மழை பிடித்துக்கொண்டது. நனைய வேண்டாமென்று அம்மா வெடி மூட்டையை அடுப்படியில் வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனாள். நான் டீ போடலாமென்று அடுப்பைப் பற்ற வைத்தேன்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே அம்மா பஸ் கதையைச் சொல்லிவிட்டாள். உண்மையைச் சொன்னால் போலீஸ் வரும், தெருவே பிழைப்பில்லாமல் போகும். அது எனக்கும் புரிந்தது. ஆனால் பொய்தான் என்று ஆன பிறகு, லாரி தானாக வந்து மோதியது என்று சொல்லியிருக்கலாமே? நான் கையை நீட்டியதாக ஏன் சொல்ல வேண்டும்? பள்ளிக்கூடத்தில், கல்யாண வீட்டில், இருக்கன்குடி பஸ்ஸில், பார்த்தவர்களெல்லாம் "பொம்பளப் பிள்ள இப்படியா சேட்டை பண்ணுவ?" என்று என்னைத்தான் திட்டினார்கள். அம்மா பக்கத்தில் பேசாமல் நிற்பாள். ஒரு தடவையாவது வாயைத் திறக்க மாட்டாளா என்று அவள் முகத்தையே பார்ப்பேன்.

அந்தக் கோபத்தில்தான் விளையாடப் போனேன். முதலில் பாட்மின்டன், ஷட்டிலையும் மட்டையையும் ஒரே கையில் பிடித்து சர்வீஸ் போடக் கற்றுக்கொண்டேன். பிறகு நானூறு மீட்டர். கடைசியில் ஈட்டி. மாற்றுத்திறனாளிகளுக்கான பாரா விளையாட்டில் புது ஆட்டத்துக்குப் போனால் புதிதாகச் சோதனை. டாக்டர்கள் மிச்சக் கையை டேப் வைத்து அளந்து எந்தப் பிரிவு என்று முடிவு செய்வார்கள். படிவத்தில் காரணம் கேட்கும் இடத்தில் மூன்று தடவையும் 'பஸ் விபத்து' என்று நானே எழுதினேன். மூன்றாவது தடவை ஒரு பெண் டாக்டர் என் கழுத்தில் தோலுக்குள் தங்கிவிட்ட கருமருந்துப் புள்ளிகளைத் தடவிப் பார்த்து, "இதுவும் பஸ்ஸா?" என்றார். பஸ்தான் என்றேன். அவர் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஈட்டியில் பாராலிம்பிக் வரை போய் ஐந்தாவதாக வந்தேன். ஊர் திரும்பிய மறுநாள் ஒரு நிருபர் கேமராவோடு வீட்டுக்கு வந்தார். வழக்கமான கேள்வி கேட்டார், வழக்கமான பதிலைச் சொன்னேன். "சின்ன வயசுலயே அடங்காத ஆளா இருந்திருப்பீக போல" என்று சிரித்தார். விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு முகம் எரிந்தது.

"தம்பி, அத எளுதாதீக." அம்மாதான். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. "எம்மக கைய நீட்டல. பஸ்ஸே கெடையாது. வெடி மூட்டைய அடுப்படியில வச்சிட்டுப் போனது நாந்தான்."

நிருபர் பதறிப்போய்க் கேமராவை அணைக்கப் போனார். பக்கத்து வீட்டுப் பெண்கள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நிப்பாட்டாதீக. போலீசு வந்தா எங்கிட்ட வரட்டும். அவ ஒரு தப்பும் பண்ணல."

அவள் மேல் எனக்கிருந்த கோபம் அத்தோடு போய்விட்டது என்று சொன்னால் அதுவும் பொய்தான். ஆனாலும் முப்பத்து நாலு வயதில், அத்தனை பேர் பார்க்க, அவள் தோளில் சாய்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன்.