ஐஸ்பெட்டியில் இருந்த பிரதிவாதி

சமையலறை மேசையில் இயந்திரம் உறுமுகிறது. பிளாஸ்டிக் பை சுருங்கிச் சுருங்கி, காற்று முழுவதும் போனபின், உள்ளே இருக்கும் பொருளின்மேல் தோல்போல ஒட்டிக்கொள்கிறது. ஓஸெல்லா பெட்வே அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ஓரத்தை இரண்டு விரல்களால் நீவிவிட்டு, அடுத்த பையை எடுக்கிறார். முதல் பையில் பன்றி விலா. இரண்டாவதிலும் அதுவே. அடுத்ததில் வீட்டின் மாற்றுச் சாவி. அதற்கடுத்ததில் காலமான கணவரின் ஓட்டுநர் உரிமம்.

ஆர்கன்சாவின் பைன் பிளஃப் ஊரில், மூடிப்போன பெட்ரோல் நிலையம் ஒன்றின் வாசலில், சனிக்கிழமைதோறும் புகையடுப்பு வைத்து இறைச்சி விற்பவர் அவர். இயந்திரம் முதலில் இறைச்சிக்காகத்தான் வாங்கப்பட்டது. ஒரு வசந்தத்தில் ஆற்று வெள்ளம் வீட்டுக்குள் புகுந்து, பத்திரங்களையும் படங்களையும் கூழாக்கிவிட்டுப் போயிற்று. குளிர்பெட்டியிலிருந்து மிதந்து வந்த இறைச்சிப் பைகளில் மட்டும் ஒரு சொட்டு ஈரம் இல்லை. அன்று தொடங்கிய பழக்கம். பிறப்புச் சான்று, பாட்டுப் புத்தகம், தீப்பெட்டி என்று கைக்கு அகப்பட்டதெல்லாம் பைக்குள் போயின. தங்கை லூவெனியாவின் பல்செட் ஒருமுறை விலா இறைச்சிகளுக்கு நடுவே அகப்பட்டது.

“அக்கா, ஒருநாள் என்னையும் பையில போட்டு ஒட்டத்தான் போற.”

“அவ்வளவு நேரம் நீ வாயை மூடிக்கிட்டு இருந்தா ஒட்டலாம்டி.”

அறுபதைத் தாண்டிய, நெடிதுயர்ந்த பெண்மணி. காலில் ஆண்கள் அணியும் கனத்த பூட்ஸ். தலைத்துணியை எத்தனை முறை துவைத்தாலும் ஹிக்கரி விறகுப் புகை வாசனை போவதில்லை. நின்றபடியே உண்கிறார், நடந்தபடியே தொலைபேசியில் பேசுகிறார். தேவாலயத்தில் கடைசி வரிசைக்கும் பின்னால், கதவோரமாக நின்றே ஆராதனையை முடிக்கிறார். வண்டி ஓட்டும்போது கண்கள் சாலையைவிடப் பின்கண்ணாடியில்தான் அதிகம் இருக்கின்றன. பிறவியிலேயே இருப்புக்கொள்ளாதவர் என்று சபையில் பலர் எண்ணுகிறார்கள். அது சரியான தகவல் ஆகாது. “போன வருஷம் வரைக்கும் பிரசங்கம் முடியிற வரை தூங்குவா. நான்தான் முழங்கையால இடிச்சு எழுப்புவேன்” என்கிறார் லூவெனியா. அக்காவின் தூக்கம் எந்த இடத்தில் போயிற்று என்பதும் அவருக்குத் தெரியும். ஓக்லஹோமா எல்லையைத் தாண்டியபின் வரும் நெடுஞ்சாலையில், வலப்பக்க ஓரத்தில்.

ஓஸெல்லாவின் பழைய அடுப்பின் அடித்தகடு துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. ஓட்டையின் மேல் அவர் ஒட்டுப்போட்ட தகரமும் துருப்பிடித்துவிட்டது. கங்கு கீழே உதிர்கிறது, சூடு நிற்பதில்லை. ஜூன் மாத அடிமை விடுதலைநாள் கொண்டாட்டத்துக்கும் கோடைக்காலக் குடும்பச் சந்திப்புகளுக்கும் முழுப் பன்றி கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. ஓக்லஹோமாவில் ஷானி ஊருக்குத் தெற்கே ஹோய்ட் என்ற வெல்டர் இருக்கிறார். எண்ணெய்க் குழாயை அறுத்து, சக்கரம் வைத்த புகையடுப்பு செய்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பது தொழில் தெரிந்தவர்களின் பேச்சு. அவர் காசோலை வாங்குவதில்லை. “ஒருத்தன் காகிதத்தை நம்பி அடுப்பைக் குடுத்தேன். அடுப்பு இப்ப மிசிசிப்பில இருக்கு. காகிதம் என் சுவத்துல இருக்கு” என்று, சட்டம் போட்டு மாட்டிய செல்லாக் காசோலையைக் காட்டுவார்.

எனவே ஓஸெல்லா பணத்தை ரொக்கமாகக் கொண்டு போனார். பதினாலாயிரம் டாலர். அவருடைய பேட்டையில் இருந்த வங்கிக் கிளை மூடப்பட்டபின், சனிக்கிழமை வருமானம் குளிர்பெட்டியின் அடித்தட்டில்தான் சேர்ந்துவந்தது. வழக்கப்படி ஒட்டிய பைகளில். புறப்பட்ட அன்று அந்தப் பைகளை அப்படியே எடுத்து ஐஸ்பெட்டியில் வைத்து, மேலே ஹோய்ட்டுக்கென்று புகைத்த விலா இறைச்சியை அடுக்கி, ஐஸ் கொட்டினார். இதில் தவறு ஏதும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

தடம் மாறும்போது விளக்குப் போடவில்லை என்று ஒரு மாவட்டக் காவலர் அவருடைய பிக்கப் வண்டியை நிறுத்தினார். போட்டேன் என்பது ஓஸெல்லாவின் கூற்று. அதற்கு வேறு சாட்சியில்லை. இரு கைகளையும் ஸ்டீயரிங் மேல் விரித்து வைத்துக்கொண்டு அவர் காத்திருந்தார். கறுப்பினக் குடும்பங்களில் பிள்ளைகளுக்கு வண்டியோட்டக் கற்பிக்கும்போதே அதையும் கற்பிக்கிறார்கள்.

“எங்கம்மா போறீங்க?”

“அடுப்பு வாங்க, ஆபீசர்.”

“அடுப்பு வாங்க இவ்வளவு தூரமா? பெட்டியில என்ன?”

“விலா இறைச்சி. பசிச்சா ஒண்ணு எடுத்துக்குங்க தம்பி.”

அவர் எடுத்துக்கொள்ளவில்லை, நாயை வரவழைத்தார். நாய் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, ஐஸ்பெட்டிக்கு நேராக வந்து உட்கார்ந்துவிட்டது. போதைமருந்து இருக்கிறது என்று அது காட்டும் அடையாளம் அது. “ராத்திரி முழுக்கப் புகைஞ்ச பன்னி. உட்காராத நாய் எந்த ஊர்ல இருக்கு? எங்க போதகரே உட்காருவார்” என்று இப்போது ஓஸெல்லா சொல்லும்போது சபையே சிரிக்கிறது. அன்று அவர் சிரிக்கவில்லை. ஐஸ் தார்மேல் கொட்டப்பட்டது. பைகள் வெளியே வந்தன.

“பணத்தை யாரும்மா இப்படிக் காத்து போகாம ஒட்டுவாங்க? சரக்கு கடத்துறவன்தான் ஒட்டுவான்.”

“நான் பல்செட்டையே ஒட்டுனவ, ஆபீசர்.”

“விளையாடாதீங்க.”

“என்னைக் கைது பண்றீங்களா?”

“இல்ல.”

“அப்ப யாரை?”

“பணத்தை.”

அதன்பின் அவர் ஒரு தாளை நீட்டினார். பணம் தன்னுடையதில்லை, அதன்மேல் உரிமை கோரமாட்டேன் என்ற வாசகம். கையெழுத்திட்டால் உடனே போகலாம். இல்லாவிட்டால் வண்டியும் போகும் என்றார். ஓஸெல்லா துணிந்து மறுத்தார் என்று பைன் பிளஃபில் சொல்கிறார்கள். அவர் சொல்வது வேறு. “போடத்தான் போனேன். கை நடுங்குன நடுக்கத்துல பேனா தாளைக் கிழிச்சிருச்சு. அவர்கிட்ட வேற தாள் இல்ல.” வண்டி தப்பியது. பணத்துக்கு ஒரு ரசீது கிடைத்தது. அதில் எவ்வளவு பணம் என்பது எழுதப்படவில்லை. அறுத்த பைகளில் இருந்த விலா இறைச்சியை அவர் சாலையோரத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வீடு திரும்பினார்.

அவர்மீது எந்த வழக்கும் இல்லை. வழக்கு பணத்தின்மீது. நீதிமன்றத் தாளில் வாதியாக மாநில அரசு. பிரதிவாதியாகப் பதினாலாயிரம் டாலர். ஓஸெல்லாவின் பெயர், பிரதிவாதிக்காகப் பரிந்து பேச வந்த வெளியாளைப்போல, மிகக் கீழே. பணம் நிரபராதி என்று காட்ட வேண்டிய பொறுப்பு மட்டும் அவருடையது. “அது வாயில்லாத ஜீவன். அதைக் கூண்டுல ஏத்தி என்ன கேட்பாங்க?” என்று லூவெனியா வியந்தார். ஓஸெல்லா வியக்கவில்லை. அன்றிலிருந்து நடக்கத் தொடங்கினார். வாசலுக்கும் அடுப்புக்கும், அடுப்புக்கும் தபால்பெட்டிக்கும். படுக்கையில் அரைமணி, ஜன்னலில் ஒருமணி. ஹோய்ட் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“டெக்சாஸ்காரன் ஒருத்தன் வந்து உன் அடுப்பைத் தடவிப் பாத்துட்டுப் போறான் ஓஸெல்லா. நான் என்ன சொல்லட்டும்?”

“கை சுடும்னு சொல்லு.”

“இலை உதிர்ற வரைக்கும் வச்சிருக்கேன். அதுக்கு மேல முடியாது. எனக்கும் வயித்துப்பாடு இருக்கு.”

விசாரணை இருமுறை தள்ளிப்போயிற்று. இரண்டாம் முறை, நீதிமன்றத் தாழ்வாரத்தில், அரசு வழக்கறிஞரின் உதவியாளர் இளநகையோடு வந்தார். பாதியை எடுத்துக்கொண்டால் அன்றே முடித்துக்கொள்ளலாம் என்றார். இரண்டு பெஞ்சுகள் இருந்தும் உட்காராமல் உலாத்திக்கொண்டிருந்த ஓஸெல்லா நின்றார்.

“வாங்கிக்க அக்கா. பாதியாவது கைக்கு வரட்டும். உன் உடம்பு எலும்பாகுது” என்றார் லூவெனியா.

“பாதிக் காசுக்குப் பாதி அடுப்புதான் வரும். பன்னிக்குத் தலை வேகும், வால் பச்சையா நிக்கும். அதை நீ தின்னுவியா?”

“நான் அடுப்பைப் பத்திப் பேசல. உன்னைப் பத்திப் பேசுறேன்.”

“ரெண்டும் ஒண்ணுதான்டி” என்று சொல்லி ஓஸெல்லா மறுபடியும் நடக்கத் தொடங்கினார்.

எதிர்த்து நிற்பவரிடம் அரசு சிலவேளை களைத்துவிடுகிறது. விசாரணைக்கு முன்வாரம் வழக்கு தள்ளுபடியாயிற்று. கடிதத்தில் இரண்டு வரி. வருத்தம் என்ற சொல் எதிலும் இல்லை. பணம் காசோலையாக வந்தது. மூன்றிலொரு பங்கு ஓஸெல்லா அமர்த்திய வழக்கறிஞருக்குப் போயிற்று. குறைந்ததை ஈடுகட்ட, ஓட்டை அடுப்பின் அடியில் செங்கல் அடுக்கி, உதிரும் கங்கை மண்வெட்டியால் அள்ளி அள்ளி மேலே போட்டு, கோடை முழுவதும் விற்றார். ஓக் மரத்து இலைகள் பழுக்கத் தொடங்கியபோது தொகை நிறைந்தது. ஹோய்ட்டின் சுவரில் அந்தச் செல்லாக் காசோலை இன்னும் தொங்குகிறது. முதுமையால் கண்மங்கிய அவர் அவ்வளவு தூரம் வண்டியோட்டி வரவும் முடியாது. ஆகவே பணம் மீண்டும் ரொக்கமாகவே, அதே நெடுஞ்சாலையில்தான் போயாக வேண்டும்.

புறப்படும் காலை இது. விலா இறைச்சி எல்லாம் ஒட்டியாகிவிட்டது. ஓஸெல்லா கடைசிப் பையை எடுத்து, நோட்டுக் கட்டுகளை உள்ளே வைத்து, இயந்திரத்தின் வாயில் பொருத்துகிறார். விரல் பொத்தான்மேல் நிற்கிறது. பையை உருவிக்கொண்டு, கடைமேசையில் பன்றிக்கால் ஊறுகாய் வைத்திருந்த பெரிய கண்ணாடிச் சாடியை எடுத்துக் கழுவித் துடைக்கிறார். சீட்டு ஒட்டியிருந்த பிசினைக்கூட நகத்தால் சுரண்டுகிறார். நோட்டுகளை அதில் நிறுத்திவைக்கிறார். மூன்றடி தொலைவிலிருந்தே ஒவ்வொரு நோட்டும் தெரிகிறது.

“அக்கா! உனக்குப் புத்தி பிசகிருச்சா? வினிகர் நாத்தம் வேற அடிக்குது.”

“நாய்க்கும் ஒரு மாறுதல் வேணும்ல?”

லூவெனியா பிக்கப்பின் முன்கதவைத் திறக்கிறார். உடன் வருவதில்லை என்று நேற்றுவரை சொன்னவர், தேவாலயத்துக்கு அணியும் தொப்பியோடு வந்திருக்கிறார்.

“பின் இருக்கையில ஏறு லூ. தள்ளுபடிக் கடிதத்தை மடியில விரிச்சு வச்சுக்க.”

“முட்டி வலிக்காரி நான். பின்னாடி எப்படி ஏறுவேன்? இந்த இடம் யாருக்காம்?”

ஓஸெல்லா உள்ளே போகிறார். ஒட்டாத, மூடியும் போடாத சாடியை இரு கைகளாலும் ஏந்திவந்து, முன் இருக்கையில் சாய்மானத்தோடு அணைத்து வைக்கிறார். இருக்கைப் பட்டையை இழுத்து, சாடியின் இடைமேல் சுற்றிக் கொண்டுவந்து, கொக்கியில் மாட்டுகிறார். இறுகியிருக்கிறதா என்று ஒருமுறை சுண்டிப் பார்க்கிறார். பிறகு மறுமுறையும்.