அடிச்ச கட்டையைப் பிடுங்கப் போனவர்

என் வீட்டுக்காரர் டமாரச் செவிடு. மலையைக் குடைஞ்சு சுரங்கம் போடுற வேலையில டிரில் மெஷின் பிடிச்சுப் பிடிச்சே காதைத் தொலைச்சவர். அங்க அவர் பேரே "டமாரம்"தான். வீட்டுல நாங்க கத்தவே மாட்டோம். சாப்பிடக் கூப்பிடணும்னா தோளைத் தொடணும். தொட்டதும் "என்னடி?"ன்னு தெருவுக்கே கேக்குற மாதிரி கத்துவார். ஏதோ சண்டைன்னு நினைச்சு எதிர்வீட்டுக்காரி என்னைப் பாவமாப் பார்ப்பா.

சுரங்கத்துச் சுவர்ல அங்கங்க ஓட்டை போட்டு விட்டிருப்பாங்க. பாறைக்குப் பின்னால சேருற தண்ணி அது வழியா வடிஞ்சிடணும். வடியலன்னா உள்ள முட்டி முட்டிப் பாறையையே தள்ளிடும். இது அங்க எல்லாருக்கும் தெரியும், இன்ஜினியருக்கும் தெரியும். தெரிஞ்சே அந்தப் புண்ணியவான், "பெரிய ஆளுங்க பாக்க வர்றாங்க, தரை ஈரமா இருக்கக் கூடாது, ஓட்டையெல்லாம் அடைங்க"ன்னார். அவங்க பூட்ஸ் நனைஞ்சா குடியா முழுகிடும்? இவரும் வாயை மூடிக்கிட்டு ஒவ்வொரு ஓட்டையிலயும் மரக்கட்டையை அடிச்சு இறுக்கிட்டார். கொஞ்ச நேரக் கூத்துதானேன்னு நினைச்சிருக்கார்.

வந்தவங்க போட்டோ எடுத்துட்டுக் கிளம்புறதுக்குள்ள இவர் ஷிப்ட் முடிஞ்சு போச்சு. கட்டையை அடிச்சவன்தான் பிடுங்கணும், மத்தவன் கை வைக்கக் கூடாது, அதுதான் அங்க வழக்கம். வீட்டுக்கு வந்து சோத்துல கை வச்சப்பதான் அவருக்கு அது ஞாபகம் வந்துச்சு, அப்படியே எழுந்துட்டார்.

"கட்டையைப் பிடுங்கலடி! தம்பி உள்ள இருக்கான்!"

அடுத்த ஷிப்ட்ல என் கொழுந்தன் இருந்தான். இவர் கையைக்கூடக் கழுவாம ஓடினார்.

நடந்ததைக் கொழுந்தன்தான் சொன்னான். எல்லாரையும் தள்ளிப் போகச் சொல்லிட்டு, இவர் ஒவ்வொரு கட்டையா ஆட்டி ஆட்டி உருவிக்கிட்டு இருந்திருக்கார். பாறை பட்டு பட்டுன்னு வெடிக்கிற சத்தம். கேட்டவன் எல்லாம் ஓடிட்டான். இவருக்குக் கேக்கல. தண்ணியும் பாறையுமா சுவர் அவர் மேலயே சரிஞ்சிடுச்சு.

ஆபீஸ்ல என்ன சொன்னாங்க தெரியுமா? "நாங்க எச்சரிச்சோம்மா, அவர்தான் அலட்சியமா நின்னுட்டார்." எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

"அலட்சியமா? அவர் காதைத் தின்னதே உங்க மெஷின்தானய்யா! அடைக்கச் சொன்ன வாய்க்குப் பிடுங்கச் சொல்லத் தெரியலையா? எங்க அந்த இன்ஜினியர்?"

அவர் லீவாம்.

கொழுந்தன் தினமும் வந்து வாசல்ல உக்காந்து அழறான். "தொண்டை கிழியக் கத்தினேன் அண்ணி"ங்கறான். எனக்கு அவன் மேலயும் கோபம்தான். அவருக்குக் கத்தினா கேக்காது, தோளைத் தொடணும்னு கூடப்பிறந்தவனுக்குத் தெரியாதா? தொடுற தூரத்துல நின்னிருந்தா அவனும் போயிருப்பான். அதுவும் எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அவனுக்கு ஒரு வாய் தண்ணி கொடுக்க எனக்கு மனசு வரல.